மாலை மங்கியதும் தடுமாறும் ஜி.பி.எஸ்.: டெல்டாவின் வானில் சூரியனின் பங்கு

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் பணிகளுக்கு மட்டம் எடுத்துத் தரும் நில அளவையாளர் ஒருவரின் கேள்விக்கு இது விடை. கோடை வெயிலுக்கு அஞ்சி அவர் மாலை 5 மணிக்கு மேல்தான் வயலில் இறங்குகிறார். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் போனதும் ஆர்.டி.கே. ரோவர் (‘பேஸ்’ என்னும் நிலைக்கருவியின் திருத்தத்தைப் பெற்றுச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி) அந்தத் துல்லியமுள்ள ‘ஃபிக்ஸ்’ நிலையை இழந்து, துல்லியம் குறைந்த ‘ஃப்ளோட்’ நிலைக்கு இறங்கிவிடுகிறது. பிடிபடும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் குறைகிறது. பங்குனியிலும் சித்திரைத் தொடக்கத்திலும், பிறகு புரட்டாசி ஐப்பசியிலும் இது மிகுதி. ஆனி, ஆடியில் அநேகமாக இல்லை. இதே கருவி 2019-இலும் 2020-இலும் இப்படிப் படுத்தியதில்லை. நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் அவருடைய மைத்துனரும் முன்னிரவில் கடலில் ஜி.பி.எஸ். குதிப்பதாகச் சொல்கிறார். இதற்கெல்லாம் சூரியப் புயல்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வது சரிதானா என்பது அவருடைய ஐயம்.

காரணம் சூரியன்தான், ஆனால் பெரும்பாலான மாலைகளில் புயல் காரணமல்ல. பதினோராண்டுச் சுழற்சியில் சூரியன் உச்சத்தை நெருங்கி மிகுதியான புற ஊதாக் கதிரை மாதக்கணக்கில் பொழிந்துகொண்டிருப்பது ஒரு நிலை. குறிப்பிட்ட ஒரு நாளில் அது பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயுவை, பெருமளவில் உமிழ்ந்து, அது பூமியின் காந்தப்புலத்தைக் கலக்குவது வேறொரு நிகழ்வு. முன்னது நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலத்தின் ஒழுங்கின்மைகளை ஏறத்தாழ எப்போதும் பெருக்குகிறது. பின்னது சில மாலைகளில் பெருக்கும், பல மாலைகளில் அடக்கியே விடும். தொலைக்காட்சிச் செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் நிலவளவைக் கருவி தடுமாறும் ஒவ்வொரு மாலையும் ‘புயல்’ என்று பெயர் பெறுகிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து சுமார் 60 கி.மீ. முதல் ஆயிரம் கி.மீ. வரை, சூரியக் கதிர் காற்றிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவைத்திருக்கும் பகுதியே அயனி மண்டலம். இதன் நடத்தையை முடிவுசெய்வது புவியியல் அட்சரேகையைவிடக் காந்த அட்சரேகையே. காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித் திருவனந்தபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரத்தில் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் அந்தக் கோட்டிலிருந்து சுமார் 250 முதல் 300 கி.மீ. வடக்கே, அதாவது காந்த அட்சரேகையில் இரண்டு மூன்று பாகைக்குள் இருக்கின்றன. பூமியில் அயனி மண்டலம் மிகக் கடுமையாகக் கலங்கும் பட்டையின் நடுப்பகுதிக்கு நாம் மிக அருகில் வாழ்கிறோம்.

கலக்கம் ஏன் பொழுது சாய்ந்த பிறகு தொடங்குகிறது? பகலில் அயனி மண்டலத்துக்கு இரண்டு முக்கிய அடுக்குகள் உண்டு. நூறு கி.மீ. உயரத்தை ஒட்டியிருப்பது ஈ அடுக்கு, 300 கி.மீ.க்கு மேல் உச்சம் கொள்வது எஃப் அடுக்கு. மேலே வீசும் காற்று பிளாஸ்மாவை இழுத்து மின்புலம் உண்டாக்கப் பார்க்கும். ஆனால் கீழேயுள்ள ஈ அடுக்கு நன்றாக மின் கடத்துவதால், காந்தக் கோடுகளின் வழியே அந்த மின்னூட்டம் வடிந்துபோகும். சூரியன் மறையும்போது நிலைமை மாறுகிறது. ஈ அடுக்கின் மூலக்கூறு அயனிகள் எலக்ட்ரான்களோடு விரைவில் சேர்ந்துவிடுவதால் அது சிறிது நேரத்தில் மெலிந்துவிடுகிறது; எஃப் அடுக்கின் ஆக்சிஜன் அணு அயனிகளோ இரவிலும் நெடுநேரம் நீடிக்கின்றன. தரையில் இருள் சூழ்ந்த பின்னும் 300 கி.மீ. உயரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக வெயில் அடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி மேலே பிளாஸ்மா இருக்க, கீழே வடிகால் அடைபட்ட அந்த இடைவேளையில், கிழக்கு நோக்கிய மின்புலம் இரவுக்குரிய மேற்குத் திசைக்குத் திரும்புவதற்கு முன் ஒருமுறை திடீரென வலுக்கிறது. கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய கிடைமட்டக் காந்தப்புலமும் சேர்ந்தால் பிளாஸ்மா மேல்நோக்கி நகரும் என்பது இயற்பியல். ஆகவே எஃப் அடுக்கு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சரசரவென்று மேலே தூக்கப்படுகிறது.

தூக்கப்பட்ட அடுக்கின் அடிப்பகுதியில், கீழே அடர்த்தி குறைந்தும் மேலே அடர்த்தி மிகுந்தும் இருக்கிறது. எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றி வைத்தால் அது அப்படியே நிற்காதது போல, இந்த அமைப்பும் நிற்பதில்லை. எல்லைப்பரப்பில் சிறு நெளிவு இருந்தால் போதும். அடர்த்தி குறைந்த பகுதி விரல் போல மேலே கிளம்பி, சுற்றிலும் உள்ள அடர்ந்த பிளாஸ்மாவைக் கிழித்துக்கொண்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் எழும்புகிறது. ரேலி–டெய்லர் நிலையின்மை என்று இதைச் சொல்வார்கள். அயனி மண்டலத்துக்கு இதைப் பொருத்திக் காட்டியவர் டங்கி, 1956-இல். விளைவை அதற்கு முன்பே, 1938-இல், பெரு நாட்டின் வாங்காயோவில் புக்கர், வெல்ஸ் இருவரும் அயனிமானிப் பதிவுகளில் கண்டிருந்தார்கள் (ரேடியோ அலையை மேலே அனுப்பி எதிரொலியைப் பதியும் கருவி அது). எஃப் அடுக்கிலிருந்து திரும்பிவரும் எதிரொலி ஒரே கோடாக வராமல் பரந்து சிதறியதை அவர்கள் எழுதினார்கள். மேலெழும் இந்த வெற்றிடங்களைப் பிளாஸ்மா குமிழிகள் என்கிறோம். உள்ளே எலக்ட்ரான் அடர்த்தி வெளியில் இருப்பதைவிட நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ குறைந்திருக்கலாம். குமிழி என்ற பெயரைக் கேட்டு உருண்டை வடிவத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். காந்தக் கோடுகளை ஒட்டி வடக்கு தெற்காகப் பல நூறு கி.மீ. நீளும் பட்டை அது. சுவர்கள் ஓயாமல் உடைந்து, கிலோமீட்டர் அளவிலிருந்து சில மீட்டர் அளவு வரையிலான சிறு ஒழுங்கின்மைகளைப் பிறப்பிக்கின்றன. உங்கள் ரோவரைத் தடுமாற வைப்பவை இவற்றுள் சில நூறு மீட்டர் அளவுடையவை.

இனி சூரியச் செயல்பாடு. சூரியப்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் தீவிர புற ஊதாக் கதிரும் மிகுகிறது. அதன் போக்கைத் தரையிலிருந்தே அளக்க 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியன் அனுப்பும் ரேடியோ வீச்சைப் பயன்படுத்துகிறோம். சூரியன் அடங்கிய ஆண்டுகளில் இந்த எண் 70-ஐ ஒட்டிக் கிடக்கும். உச்ச ஆண்டுகளில் 200-ஐத் தாண்டும். அது ஏறும்போது எஃப் அடுக்கின் அடர்த்தி ஏறுகிறது, மேலே வீசும் காற்று வலுக்கிறது, பகலுக்கும் இரவுக்கும் இடையே மின் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு கூர்மையாகிறது. மூன்றும் சேர்ந்து நான் மேலே சொன்ன மாலை மின்புலத்தை வலுப்படுத்துகின்றன. பெருவிலுள்ள ஹிக்காமார்க்கா ரேடாரின் நெடுநாள் அளவீடுகளின்படி, சூரியன் அடங்கிய ஆண்டுகளில் அந்த நேரத்தில் பிளாஸ்மா நொடிக்குப் பத்து மீட்டர் என்ற அளவில் மெல்ல ஏறுகிறது. உச்ச ஆண்டுகளின் சம இரவுக் காலங்களில் 40, 50 மீட்டர் வரை ஏறுகிறது. அடுக்கு எவ்வளவு உயரம் போகிறதோ, அவ்வளவு காற்று மெலிந்திருக்கும். அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு மோதுவது குறையும். மோதல் குறைந்தால் நிலையின்மை வேகமாக வளரும். மின்புலம் நேரடியாகவும் வளர்க்கிறது, உயரத்துக்குக் கொண்டுபோவதன் மூலம் மறைமுகமாகவும் வளர்க்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. மேலோட்டமான விளக்கங்கள் இதைச் சொல்வதில்லை. சூரியன் வலுத்தால் மேல் வளிமண்டலமும் சூடேறி விரிகிறது. அதனால் ஒரே உயரத்தில் காற்றின் அடர்த்தி கூடி, மோதலும் கூடுகிறது. அதாவது சூரியன் அடங்கிய ஆண்டுகளில் குமிழி கிளம்ப 300 கி.மீ. உயரமே போதுமானதாக இருக்கலாம். உச்ச ஆண்டில் அதே உயரம் போதாது, இன்னும் மேலே போயாக வேண்டும். குமிழி தோன்ற வேண்டிய குறைந்தபட்ச ஏறுவேகமும் சூரியச் செயல்பாட்டோடு சேர்ந்தே கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுவது இதனால்தான். ஆனாலும் உச்ச ஆண்டுகளில் மாலை மின்புலம் தரும் தூக்கு இந்தத் தடையை எளிதில் மிஞ்சிவிடுகிறது. அப்படி மிஞ்சாத மாலைகளில், சூரியப்புள்ளிகள் எத்தனை இருந்தாலும், வானம் அமைதியாகவே இருக்கும்.

உங்கள் 2019, 2020 அனுபவத்துக்கு வருவோம். இருபத்து நான்காம் சுழற்சி 2019 டிசம்பரில் முடிந்தது. சூரியப்புள்ளியே இல்லாத நாள்கள் அப்போது வரிசையாக வந்தன. இருபத்தைந்தாம் சுழற்சி 2024 அக்டோபரில் உச்சம் தொட்டது. சீராக்கிய சூரியப்புள்ளி எண் சுமார் 161. முந்தைய சுழற்சியின் உச்சம், 2014 ஏப்ரலில், சுமார் 116 மட்டுமே. ஆகவே நீங்கள் ஒரு சுழற்சியின் அடிமட்டத்தையும் அதற்கு முந்தையதைவிட வலுவான ஓர் உச்சத்தையும் ஒரே கருவியோடு பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் 2019-இல் டெல்டாவின் வானில் குமிழிகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே வடிவக் கணக்கு ஒன்று உதவும். காந்த நடுக்கோட்டுக்கு மேலே எழும் குமிழி, காந்தக் கோட்டின் வளைவைப் பின்பற்றி வடக்கிலும் தெற்கிலும் இறங்குகிறது. போபால் வானில் 350 கி.மீ. உயரத்தில் அதன் நுனி தெரிய வேண்டுமானால், நடுக்கோட்டின் மேல் அது சுமார் 800 கி.மீ. வரை ஏறியிருக்க வேண்டும். நமக்கோ, நடுக்கோட்டின் மேல் அதே 350 கி.மீ.க்கு அப்பால் பத்துப் பதினைந்து கி.மீ. கூடுதலாக ஏறினாலே போதும். அது மன்னார்குடிக்கு மேல் வந்துவிடும். சூரியன் அடங்கிய ஆண்டுகளில் குமிழிகள் உயரம் போகாமல் நின்றுவிடுவதால் போபாலும் அகமதாபாதும் பெரும்பாலும் தப்பிக்கின்றன, நாம் தப்புவதில்லை. ஆயினும் ரேடியோ அலையைப் பாதிப்பது அடர்த்தியில் உள்ள ஏற்றத்தாழ்வின் முழு அளவே. சுற்றியுள்ள பிளாஸ்மாவே மெலிந்திருக்கும் ஆண்டில், குமிழி முழுக்க வெறுமையானாலும் ஏற்றத்தாழ்வு சிறிதுதான். 250 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது தெரியும், 1575.42 மெகாஹெர்ட்ஸ் ஜி.பி.எஸ். அலையில் தெரியாது. உங்கள் கருவி அமைதியாக இருந்தது அதனால்தான்.

இதே காரணத்தால் உச்ச ஆண்டுகளில் கூட ஜி.பி.எஸ். மிகக் கடுமையாகப் பாதிக்கப்படுவது காந்த நடுக்கோட்டில் அல்ல. பகலில் நடுக்கோட்டின் மேல் தூக்கப்படும் பிளாஸ்மா இருபுறமும் காந்தக் கோடுகளின் வழியே சரிந்து, சுமார் 15 பாகை காந்த அட்சரேகையில் குவிகிறது. 1946-இல் ஆப்பிள்டன் எடுத்துக் காட்டியதும், அதே ஆண்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா விளக்க முயன்றதும் இந்தக் குவிவையே. இந்தியாவில் அகமதாபாத், போபால், கொல்கத்தா வட்டாரம் அதன் கீழ் வருகிறது. அடர்த்தி மிகுந்த அந்த இடத்தில் குமிழி புகுந்தால் அலை சிதறுவது மிகக் கடுமை. டெல்டாவில் குமிழிகள் அடிக்கடி வரும், ஆனால் ஒப்பளவில் மென்மையாக வரும். ‘ஃப்ளோட்’டோடு நீங்கள் தப்பும் மாலையில், போபாலில் இருப்பவர் கருவியை மூடி வைத்திருக்கவும் கூடும்.

பங்குனியும் புரட்டாசியும் ஏன் என்பது எளிது. மாலை மின்புலம் முழு வலுவுடன் எழ வேண்டுமானால், ஒரே காந்தக் கோட்டின் வடமுனையிலும் தென்முனையிலும் ஈ அடுக்கு ஒரே நேரத்தில் இருள வேண்டும். இந்தியப் பகுதியில் காந்த வடக்கும் புவியியல் வடக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பகல் இரவுக் கோடு காந்தக் கோட்டோடு ஒத்துப்போவது பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியே நிகழ்கிறது. ஆனி, ஆடியில் தென்புறம் முன்பே இருண்டுவிட, வடபுறம் வெளிச்சத்தில் இருக்கும். வடிகால் முழுவதும் அடைபடாது. காந்த வடக்கு வெகுவாக விலகியிருக்கும் பிரேசிலில் இந்தப் பருவம் டிசம்பரை ஒட்டி வருகிறது. 1985-இல் சுனோடா இதை விளக்கினார். சூரியன் அடங்கிய ஆண்டுகளில் மட்டும் ஒரு விலக்கு: ஜூனை ஒட்டிய மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் வேறு வகை ஒழுங்கின்மைகள் தோன்றுகின்றன. திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி ரேடாரும், 2008-இல் ஏவப்பட்ட சி/நாஃப்ஸ் செயற்கைக்கோளும் இவற்றைப் பதிந்திருக்கின்றன. ஜி.பி.எஸ். இவற்றைப் பொதுவாக உணர்வதில்லை.

புயல்கள் இதில் எங்கே வருகின்றன? சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா முகில், தெற்கு நோக்கிய காந்தப்புலத்துடன் வந்து மோதினால், துருவப் பகுதியில் எழும் மின்புலம் சில நிமிடங்களில் நடுக்கோடு வரை ஊடுருவுகிறது. பகலிலும் முன்மாலையிலும் அதன் திசை கிழக்கு. அந்த ஊடுருவல் நம் அந்தி நேரத்தில் வந்து விழுந்தால், இயல்பான மாலை மின்புலத்தோடு கூடி அடுக்கை அசாதாரண உயரத்துக்கு எறியும். பருவமல்லாத ஜூலையிலும் குமிழி கிளம்பும். ஆனால் சில மணி நேரம் கழித்து, துருவப் பகுதியில் சூடான காற்று நடுக்கோட்டை நோக்கி வீசத் தொடங்கி, வேறொரு மின்புலத்தை உண்டாக்குகிறது. 1980-இல் பிளாங்க், ரிச்மண்ட் இருவரும் விவரித்த இந்தப் புலத்தின் திசை அந்தியில் மேற்கு. அது இயல்பான கிழக்குப் புலத்தை அறுத்துவிடுகிறது. அடுக்கு ஏறாது, உச்ச ஆண்டின் பங்குனி மாலையாக இருந்தாலும் குமிழி வராது. நள்ளிரவுக்குப் பின் அதே புலம் கிழக்காகத் திரும்புவதால், விடியற்காலையில் எதிர்பாராத குமிழி தோன்றவும் கூடும். புயல் எவ்வளவு பெரிது என்பதைவிட, அதன் எந்தக் கட்டம் நம் ஊரின் எந்த மணிக்கு விழுகிறது என்பதே பெரிய கேள்வி.

2024 மே மாதப் புயல் நல்ல சான்று. அது பூமியைத் தொட்டது மே 10 அன்று இந்திய நேரம் இரவு சுமார் 10.30-க்கு, உச்சம் அடைந்தது மறுநாள் காலையில். நம் அந்தி கடந்துவிட்டிருந்தது. உச்சத்தின்போது இங்கே அயனி மண்டலம் அன்றைய நாளுக்கு இன்னும் முழுதாக வளரவில்லை. அமெரிக்காவிலோ அது மாலையும் முன்னிரவும். விதைப்புக் காலத்தில் டிராக்டர்களின் ஜி.பி.எஸ். வழிகாட்டல் தவறி உழவர்கள் வேலையை நிறுத்திய செய்திகள் அங்கிருந்து வந்தன. இருபதாண்டுகளில் காணாத பெரும்புயல் அது. இருந்தும் டெல்டாவில் ஒரு சாதாரண மார்ச் மாலை அதைவிட அதிகமாக உங்கள் ரோவரைத் தொந்தரவு செய்திருக்க வாய்ப்புண்டு.

புயலுக்கும் கருவித் தடுமாற்றத்துக்கும் தொடர்பிருப்பதாக மக்கள் நம்புவதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. சூரியக் காற்றின் காந்தப்புலத்துக்கும் பூமியின் சாய்வுக்கும் உள்ள உறவால் காந்தப் புயல்களும் மார்ச், செப்டம்பரை ஒட்டியே அதிகம் நிகழ்கின்றன. இரண்டும் ஒரே மாதங்களில் வருவதால் ஒன்று மற்றொன்றின் விளைவு போலத் தெரிகிறது. இனி வரும் ஆண்டுகளில், சூரியன் உச்சத்திலிருந்து இறங்கும் காலத்தில், சூரியனின் வெளிமண்டலத்தில் உள்ள கரோனாத் துளைகளிலிருந்து வரும் வேகக் காற்றால் சிறு புயல்கள் 27 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் மாலைக் குமிழிகள் ஆண்டுக்காண்டு குறையும். அப்போது இரண்டையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பிட்ட மாலையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றால், இன்றுவரை உறுதியாக முடியாது. சூரியச் செயல்பாட்டு எண்ணும் அதே, பருவமும் அதே, காந்தப்புலமும் அமைதி. ஆயினும் திங்கள் மாலை குமிழி வரும், செவ்வாய் மாலை வராது. எல்லைப்பரப்பில் முதல் நெளிவைத் தருவது எது என்பதில்தான் சிக்கல். கீழே இடிமேகங்கள் காற்றில் கிளப்பும் ஈர்ப்பு அலைகள் (காற்று மேலும் கீழும் அசைவதால் எழும் அலைகள்) மேலே ஏறி அந்த விதையைத் தூவுகின்றன என்ற கருத்துக்கு நல்ல ஆதரவு உண்டு. 1988-இல் ரகுவராவும் அவருடைய குழுவினரும், பகலில் அடர்த்திக் குவிவு எவ்வளவு வலுவாக வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் மாலையைப் பற்றிக் குறிப்பு கிடைக்கும் என்று காட்டினார்கள். இவை வாய்ப்பைச் சொல்லும், வாக்குறுதி தராது. ஒருமுறை பிறந்துவிட்டால் மட்டும் கணிப்பு எளிது: குமிழிகள் முன்னிரவில் நொடிக்கு நூறு முதல் நூற்றைம்பது மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கின்றன. கொடைக்கானலின் தீர்க்கரேகையில் தோன்றிய குமிழி ஏறக்குறைய அரை மணியில் மன்னார்குடிக்கு மேல் வந்து சேரும்.

இந்த நகர்வே உங்களுக்குச் சோதனைக்கருவி. தடுமாற்றம் வானத்தால் வந்ததா, மொபைல் டேட்டாவால் வந்ததா என்று அறிய, ரோவரின் திரையில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். மேற்குப் பக்கச் செயற்கைக்கோள்களின் சிக்னல் வலிமை முதலில் ஏறி இறங்கத் தொடங்கி, பிறகு உச்சியிலும், பிறகு கிழக்கிலும் அதே நடந்தால் அது குமிழி. எல்லாம் ஒரே நொடியில் போனால் அது குமிழி அல்ல. சிக்னல் வலிமை சீராக இருக்க, பேஸிலிருந்து வரும் திருத்தத் தரவின் வயது மட்டும் கூடிக்கொண்டே போனால் டவர்தான் குற்றவாளி. ஜி.பி.எஸ். அனுப்பும் குறைந்த அதிர்வெண் அலைகளான எல்2, எல்5 இரண்டும் எல்1-க்கு (மேலே சொன்ன 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலை) முன்பே விழுவதையும் கவனியுங்கள். அதிர்வெண் குறைந்தால் பாதிப்பு கூடும் என்பதால், எல்5-இல் தடுமாற்றம் எல்1-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இந்தியாவின் இடங்காட்டி அமைப்பான நாவிக் பயன்படுத்தும் 2492 மெகாஹெர்ட்ஸ் எஸ் அலை இதில் ஓரளவு பாதுகாப்பானது.

இரட்டை அலைக் கருவி அயனி மண்டலப் பிழையை நீக்கிவிடும் என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். அலை தாமதமாவதை அது பெரும்பாலும் நீக்கும் என்பது உண்மை. உச்ச ஆண்டின் பகலில் அந்தத் தாமதம் எல்1-இல் பத்து மீட்டருக்கு மேலும் போகும். ஆனால் குமிழிக்குள் நடப்பது தாமதம் மட்டுமல்ல. அலையின் வலிமையும் கட்டமும் நொடிக்குள் பலமுறை குதிக்க, கருவி தான் எண்ணிவந்த அலைச் சுழற்சிகளின் கணக்கைத் தவறவிடுகிறது. அதற்கு இரட்டை அலை மருந்தில்லை. பேஸைப் பக்கத்திலேயே வைப்பதாலும் பெரிய பயன் இல்லை, ஏனெனில் சில நூறு மீட்டர் தள்ளியிருந்தாலே இரண்டும் வெவ்வேறு ஒழுங்கின்மைகளின் கீழ் நிற்கும். உதவுவது செயற்கைக்கோள்களின் எண்ணிக்கைதான். குமிழி வானத்தின் ஒரு பட்டையை மட்டும் மறைக்கிறது, ஜி.பி.எஸ். உடன் அதைப் போன்ற மற்ற அமைப்புகளான குளோனாஸ், கலிலியோ, பெய்டோ, நாவிக் எல்லாவற்றையும் திறந்து வைத்தால் மற்றப் பக்கங்களில் போதுமானவை மிஞ்சலாம்.

மைத்துனரின் படகைப் பொறுத்தவரை, குமிழியால் இடங்காட்டி சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை விலகலாம், அல்லது சிறிது நேரம் இடத்தையே காட்டாமல் போகலாம். கோடியக்கரைக்கு அப்பால் எல்லைக்கோட்டுக்கு நெருக்கமாகத் தொழில் செய்பவர்கள் முன்னிரவில் அந்த அளவு இடைவெளி விட்டு நிற்பது நல்லது. ஆனால் மைல் கணக்கில் படகு விலகியதற்கு அயனி மண்டலத்தைக் காரணம் சொல்ல முடியாது. கரையோடு வி.எச்.எஃப். கருவியில் நேர்கோட்டில் பேசுவதற்கும் இதனால் தடையில்லை. அந்த அலை அயனி மண்டலத்துக்குப் போவதே இல்லை.

உங்கள் வேலைக்கு வருகிறேன். உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை 7 மணி முதல் நள்ளிரவு வரை ஆர்.டி.கே. உயரத்தை நம்ப வேண்டாம். ‘ஃப்ளோட்’ வந்தால் அதாவது தெரிகிறது. தவறான ‘ஃபிக்ஸ்’ வந்தால் தெரியாது. டெல்டாவில் வாய்க்காலின் அடிமட்டம் பத்து சென்டிமீட்டர் பிழைத்தாலே தலைமடையில் தேங்கிக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போகும். வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் தெரிந்த பெஞ்ச்மார்க் ஒன்றில் ரோவரை வைத்துச் சரிபாருங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இரவில் பதிவிட வேண்டியிருந்தால், நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை உள்ள தரவை வைத்துக்கொண்டு முன்னிரவுத் தரவை விலக்குங்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமுன் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் பங்குனி மாலைகளை விட மனமில்லையென்றால், கிடக்கை அளவுகளை விடியற்காலையில் ரோவரில் எடுத்துவிட்டு, மாலையில் மட்டத்துக்கு, செயற்கைக்கோள் தேவைப்படாத தொலைநோக்கி மட்டக்கருவியான ஆட்டோ லெவலைப் பயன்படுத்துங்கள். அளவுகோலில் டார்ச் அடிக்க ஓர் ஆள் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.